ட்ரேஸ்பாயின்ட் வைத்தேன், டிஸ்டார்ட் கொடுத்தால் எரர் - அவசரம்

மோட்டார்_மணி:
மோட்டார் கன்ட்ரோல் கோடு. பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்தால் கோர் (சிப்பின் ப்ராசசர்) நின்று டிரைவர் போர்டு ட்ரிப் ஆகிறது. அதனால் ஜிடிபி டீபக்கரில் ட்ரேஸ்பாயின்ட் (நிறுத்தாமல் மதிப்பைப் பதிவுசெய்யும் குறி) வைத்து, ஆக்‌ஷன்ஸில் 'கலெக்ட் $லோக்கல்ஸ்' கொடுத்தேன். அதுவரை எல்லாம் சரி. பதிவைத் தொடங்கும் டிஸ்டார்ட் கட்டளையை அடித்தால் 'டார்கெட் டஸ் நாட் சப்போர்ட் திஸ் கமாண்ட்' என்கிறது. நாளை டெமோ. யாராவது சொல்லுங்கள்.

கரண்ட்கம்பி:
என்ன சிப்? என்ன ப்ரோப் (கணினியை சிப்போடு இணைக்கும் கருவி)? ஜிடிபிக்கு அந்தப் பக்கம் எந்த சர்வர் ஓடுகிறது? இதைச் சொல்லாமல் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

நள்ளிரவுகோடர்:
ஆப்டிமைசேஷன்தான் ப்ரோ. கம்பைலரில் ஓ2 கொடுத்தால் லோக்கல் வேரியபிள் காணாமல் போய்விடும். டீபக்குக்கான ஓஜி போட்டு பில்ட் பண்ணுங்கள்.

பழையகை:
அது கலெக்ட் ஆன பிறகு வரும் பிரச்சினை தம்பி. இங்கே டிஸ்டார்ட்டே ஓடவில்லை. மேனுவலில் ட்ரேஸ்பாயின்ட் பகுதியின் முதல் பக்கத்தைப் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. இப்போதெல்லாம் யார் படிக்கிறார்கள்!

மோட்டார்_மணி:
சிப் எஸ்டிஎம்32எஃப்103, ப்ளூ பில் போர்டு. ப்ரோப் எஸ்டி-லிங்க் வி2 க்ளோன், சர்வர் ஓப்பன்ஓசிடி.

கரண்ட்கம்பி:
அப்படியானால் விஷயம் எளிது. ட்ரேஸ்பாயின்ட்டைக் குறித்துவைப்பது ஜிடிபி. அதனால்தான் வைக்கும்போது எரர் வரவில்லை. டிஸ்டார்ட் கொடுத்ததும் அதை சர்வருக்கு அனுப்பும். கோரை நிறுத்தாமல் மதிப்புகளைச் சேகரிக்க வேண்டியது அந்தப் பக்கம். ஓப்பன்ஓசிடிக்கு அந்த வேலை தெரியாது. ஜிடிபிசர்வர் ஓடும் சில லினக்ஸ் போர்டுகளில் நடக்கும். உங்கள் போர்டில் நடக்காது.

சாலிடர்_செல்வி:
ஜிடிபியின் அச்சிடும் கட்டளை டிபிரிண்ட்எஃப் வைத்துப் பார்க்கலாமே?

கரண்ட்கம்பி:
வேண்டாம் செல்வி. அது வழக்கமான ஸ்டைலில் ஒவ்வொரு முறையும் கோரை நிறுத்தி, அச்சிட்டு, ஓடவிடும். மோட்டாருக்கு அதுவும் பிரேக்பாயின்ட்தான்.

நள்ளிரவுகோடர்:
யுஏஆர்டி சீரியல் போர்ட்டில் பிரிண்ட் போட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு?

பழையகை:
115200 பாடில் ஒரு எழுத்து போக சுமார் 87 மைக்ரோசெகண்ட். 20 கிலோஹெர்ட்ஸ் இன்டரப்ட் என்றால் கையில் இருப்பதே 50 மைக்ரோசெகண்ட். கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள். சரியான வழி எஸ்டபிள்யூஓ, சிப் ட்ரேஸை வெளியே அனுப்பும் பின். சிப்புக்குள் முகவரியைக் கண்காணிக்கும் டிடபிள்யூடி கம்பேரேட்டரில் வேரியபிள் முகவரியைக் கொடுத்தால், எழுதப்படும் மதிப்பு தானாக வெளியே வரும். கோடில் ஒரு வரி சேர்க்க வேண்டாம்.

சாலிடர்_செல்வி:
க்ளோனில் எஸ்டபிள்யூஓ பின் எங்கே இருக்கிறது சார்? பெரும்பாலானவற்றில் வெளியே எடுத்திருக்கவே மாட்டார்கள். சிப்பில் அது பிபி3 பின். மணி அதை வேறு எதற்காவது எடுத்திருந்தால் அதுவும் போச்சு. ஆர்டிடி போதும்: கோடு ராமில் எழுதும், ப்ரோப் கோரை நிறுத்தாமல் படிக்கும். ஓப்பன்ஓசிடி 0.11 முதல் இருக்கிறது. 'ஆர்டிடி செட்டப்'பில் ராம் தொடக்க முகவரியும் 20 கேபி அளவும் கொடுத்து, 'ஆர்டிடி ஸ்டார்ட்'. இன்டரப்டுக்குள் ஃபார்மேட் பண்ணாமல் பச்சை பைட்டுகளாக எழுதுங்கள்.

பழையகை:
ஆர்டிடி ராமையும் சைக்கிளையும் தின்னும். நல்ல ப்ரோப் வாங்காமல் மோட்டார் ஓட்டுவது எதற்கு?

சாலிடர்_செல்வி:
எம்0 போன்ற சின்ன கோரில் எஸ்டபிள்யூஓ வழியே அனுப்பும் ஐடிஎம் பகுதியே கிடையாது, அங்கே நல்ல ப்ரோப் வாங்கி என்ன பண்ணுவீர்கள்?

பழையகை:
இவர் சிப்பில் இருப்பது எம்3 கோர்.

மோட்டார்_மணி:
ஆர்டிடி வந்துவிட்டது. ஸ்விட்சிங் நடக்கும் நேரத்திலேயே ஏடிசி (மின்னளவை எண்ணாக மாற்றும் பகுதி) சாம்பிள் எடுக்கிறது. நன்றி.

நள்ளிரவுகோடர்:
ஏடிசி ட்ரிகரை எங்கே நகர்த்தினீர்கள்? எனக்கும் இதே தொல்லை.

சாலிடர்_செல்வி:
எம்3 என்றாலும் பின் வேண்டும் சார்.