வரைபடத்தில் கொத்து தெரிகிறது, மொரான் ஐ இல்லை என்கிறது: எங்கே பிழை?

கடலோரத் தம்பி:
இறுதி வருட ஆய்வுக்காக 2012 குடிசன மதிப்பீட்டை வைத்து, கொழும்பு மாநகரத்தில் தமிழர் எங்கெங்கே செறிந்து வாழ்கிறார்கள் என்று பார்க்கிறேன். கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டிலுமாக 55 கிராம சேவகர் பிரிவுகள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் நிரல்களைக் கூட்டி வீதமாக்கினேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நிறம் போட்டால் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் கடும் நிறத்தில் வருகின்றன. 'ஆர்' மென்பொருளில் மொரான் ஐ (ஒத்த பெறுமதிகள் பக்கத்துப் பக்கத்தில் கொத்தாக இருக்கின்றனவா என்று சொல்லும் சுட்டி, பூச்சியத்தை ஒட்டினால் கொத்து இல்லை) எடுத்தால் வெறும் -0.02. திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும், தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

தெமட்டகொடையான்:
எல்லைக் கோடுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் பக்கத்துப் பிரிவுகள் தொடவில்லை, அயல் அல்ல என்று மென்பொருள் எண்ணிவிடும். அயல் இல்லாத பிரிவு எத்தனை?

கடலோரத் தம்பி:
ஒன்றுமில்லை அண்ணா. பார்த்துவிட்டேன்.

வரைபட அக்கா:
தம்பி, அந்த -0.02தான் துப்பு. வீதங்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கி 55 பிரிவுகளுக்கும் போட்டால் எதிர்பார்க்கும் பெறுமதி -1/54, அதாவது -0.0185. உங்கள் தரவு குலுங்கியிருக்கிறது. கியூஜிஐஎஸ் வீதங்களைப் பிரிவுக் குறியீட்டை வைத்து எல்லைக் கோப்போடு இணைத்தது, அதனால் வரைபடம் சரி. ஆரில் எப்படி இணைத்தீர்கள்?

கடலோரத் தம்பி:
எக்செல் நிரலை அப்படியே ஒட்டினேன்... ஐயோ. அது பெயர் அகரவரிசையில் இருந்தது.

வரைபட அக்கா:
அப்போ வெள்ளவத்தையின் வீதம் வேறெங்கோ குடியேறியிருக்கும். பிரிவுக் குறியீட்டால் இணையுங்கள். குறியீட்டை எழுத்தாகவே வாசிக்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எக்செல் முன்னாலுள்ள பூச்சியங்களைத் தின்றுவிடும்.

கடலோரத் தம்பி:
ஐ ஏறிவிட்டது அக்கா! பி (தற்செயலாகவே இப்படி வருவதற்கான நிகழ்தகவு) 0.001. ஆனால் ஒவ்வொரு பிரிவையும் அதன் அயலோடு தனித்தனியே பார்க்கும் உள்ளூர் மொரானில் வெள்ளவத்தை தெற்கு மட்டும் கொத்தில் சேரவில்லை.

வரைபட அக்கா:
முதலில், வீதங்களை 999 தரம் குலுக்கிப் பார்த்துப் பி எடுத்தால் 0.001க்குக் கீழே பி வரவே வராது, அதைப் பெரிதாக எழுத வேண்டாம். வெள்ளவத்தைக்கு மேற்கே அயல் இல்லாதது கடலால். தெற்கே இல்லாதது நீங்கள் வெட்டியதால். காலி வீதியில் நடந்து போகிறவருக்கு மாநகர எல்லை தெரிகிறதா என்ன? தெஹிவளைப் பிரிவுகளையும், கிழக்கே கொலன்னாவையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு, படத்தில் மாநகரத்தை மட்டும் காட்டுங்கள்.

கடலோரத் தம்பி:
சரி அக்கா. தெஹிவளை எல்லைக் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.