ஹேக்பெர்ரி வில் செய்முறை நம்ம சடச்சி மரத்துக்குப் பொருந்துமா?

கேள்வி: மலையடிவாரம்

வணக்கம். மரவில் செய்முறைகளில் அமெரிக்க ஹேக்பெர்ரி மரத்துக்கான அளவுகள்தான் அதிகம் கிடைக்கின்றன. அந்த மரத்துக்கு இங்கே வழியில்லை. ஏற்காடு அடிவாரப் பட்டா நிலத்தில் வெட்டிய சடச்சி (உன்னு என்றும் சொல்வார்கள்) மரத்திலிருந்து பிளந்த கட்டை ஒன்று கையில் இருக்கிறது. நீளம் 5 அடி 6 அங்குலம், அகலம் 3 அங்குலம். வெட்டி நாலு மாதம் ஆகிறது, பட்டை அப்படியே இருக்கிறது. ஒரு முனையில் 4 அங்குலத்துக்கு வெடிப்பு. மறுமுனையிலிருந்து ஒன்றரை அடியில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கணு.

28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு வரவேண்டும். ஹேக்பெர்ரி அளவுகளை அப்படியே எடுக்கலாமா? வில்லின் முதுகுக்கு வைரம் (மரத்தின் நடுப்பகுதி) வருவது நல்லதா, வெளிறா (பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி)? சில்வர் ஓக் பலகை சாமில்லில் சுலபமாகக் கிடைக்கிறது, அது உதவுமா?

பதில் 1: வாச்சியும் உளியும்

சில்வர் ஓக் வேண்டாம். தோட்டத்தில் பலத்த காற்றடித்தால் அதன் கிளை பட்டென்று ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். வில்லின் முதுகில் விழும் இழுப்பை அது தாங்காது. சடச்சி அருமையான தேர்வு. வண்டித் தண்டு, காவடித் தண்டு, கோடாரிக் காம்பு என்று வளைந்து நிமிர வேண்டிய வேலைக்கெல்லாம் போன மரம் அது.

ஹேக்பெர்ரி அளவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் மாற்றுவது எளிது. அது நடுத்தர எடையுள்ள வெள்ளை மரம். இழுப்பை நன்றாகத் தாங்கும், நசுக்கலைத் தாங்குவதில் கொஞ்சம் பின்தங்கும். வில்லை வளைக்கும்போது முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) இழுபடுகிறது, வயிறு (நம்மைப் பார்க்கும் பக்கம்) நசுங்குகிறது. வயிறு நசுங்கிப் போனால் நாணைக் கழற்றினாலும் வில் நிமிராது, கூன் விழுந்துவிடும். அதனால்தான் ஹேக்பெர்ரிக்கு 2 அங்குல அகலம், 66 முதல் 68 அங்குல நீளம், தட்டையான வயிறு என்று வைக்கிறார்கள். சடச்சி அதைவிடக் கனமான மரம் என்பதால் 1 அங்குலம் 6 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அகலம் போதும். தட்டை வயிற்றை மட்டும் மாற்றாதீர்கள்.

முதுகுக்கு வெளிறுதான். பட்டைக்கு அடியில் இருக்கும் முதல் பரப்பே முதுகு. அதில் உளியோ இழைப்புளியோ படவே கூடாது. ஹேக்பெர்ரியில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், சடச்சியில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. தவறிப்போய் ஒரு இடத்தில் நாரை அறுத்துவிட்டால், வளையம் பார்த்து அடுத்த அடுக்குக்கு இறங்கித் தப்பிக்க வழி இருக்காது. அறுபட்ட நார் முழு இழுப்பில் சிலும்பாகக் கிளம்பும், அங்கிருந்தே வில் ஒடியும். பட்டையை மழுங்கிய கத்தியால் நெம்பி எடுங்கள். உள்பட்டையை ஈரத்துணி சுற்றி ஊறவைத்துச் சுரண்டினால் மரத்தில் கீறல் விழாது. அந்த நாரைத் தூக்கிப் போடாதீர்கள். கயிறு திரிக்கிற நார் அது, பிடியில் சுற்ற உதவும்.

இப்போது உங்கள் நீளக் கணக்கு. வெடித்த 4 அங்குலத்தை அறுத்தால் மிச்சம் 62. விறைப்பான பிடி வைத்தால் பிடியும் அதன் இருபக்கச் சரிவும் சேர்ந்து 8 அங்குலம் வளையாமல் நிற்கும். இழுவை நீளம் 28 என்றால் அதன் இரண்டு மடங்கு 56, கூட 8, ஆக 64. உங்களிடம் 2 அங்குலம் குறைகிறது. ஆகவே பிடியும் லேசாக வளையும் வில்லாகச் செய்யுங்கள். பிடியில் அகலம் 1 அங்குலம் 2 நூல், கனம் 7 நூல். அதிலிருந்து இருபுறமும் மெல்ல அகன்று, பாதி தூரம் வரை 1 அங்குலம் 6 நூல், பிறகு நேராகக் குறுகி முனையில் 4 நூல். கனத்தை முதலில் 6 நூலில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் இழுவையை 26 அங்குலத்தில் வைத்தால் வில்லுக்கு ஆயுள் கூடும்.

கணு கீழ்ப்பாதியில் வருமாறு வையுங்கள். முதுகில் அது மேடாக இருந்தால் மேடாகவே விடுங்கள், சமப்படுத்தினால் அதைச் சுற்றி வளைந்து போகும் நார் அறுந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் இரு ஓரமும் ஒரு நூல் கூடுதல் அகலம் விடுங்கள்.

பதில் 2: சேர்வராயன் காற்று

அண்ணா அளவெல்லாம் சரியாச் சொல்லிட்டாருங்க. ஆனா நாலு மாசம் பட்டையோட கிடந்த கட்டை காஞ்சிருக்காதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க: பட்டைக்கு அடியில பொடி உதிருதா, ஊசித் துளை இருக்கா? வெளிறுல மாவுச்சத்து இருக்கறதால வண்டு சீக்கிரம் ஏறும். ஹேக்பெர்ரிக்கும் இதே தொல்லைதான், அதோட வெயில் காலத்துல பட்டையோட போட்டா நீலக்கறையும் பிடிக்கும். முதுகுல துளை இருந்தா அந்தக் கட்டையை வில்லுக்கு எடுக்காதீங்க.

துளை இல்லைன்னா இன்னிக்கே பட்டையை எடுத்துட்டு, முதுகுலயும் ரெண்டு முனையிலயும் ஃபெவிகால் தடவிடுங்க. முதுகு திறந்து கிடந்தா வேகமாக் காஞ்சு நீளவாக்குல வெடிக்கும். அப்புறம் கனம் 1 அங்குலம் வர்ற வரைக்கும் வயித்துப் பக்கம் செதுக்கிட்டு, நேரான சட்டத்துல கட்டி நிழல்ல வைங்க. மெலிஞ்ச கட்டை முழுக்கட்டையை விடப் பல மடங்கு வேகமாக் காயும். வாரம் ஒருக்கா சமையல் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. தொடர்ந்து மூணு வாரம் எடை மாறலைன்னா அந்த இடத்துக் காத்துக்கு ஏத்த மாதிரி காஞ்சாச்சுன்னு அர்த்தம்.

'அந்த இடத்துக் காத்து'ங்கறது முக்கியம். காத்துல ஈரப்பதம் 50 சதவீதம்னா மரத்துல ஈரம் 9 சதவீதம் பக்கம் நிக்கும். 85 சதவீதம்னா 18க்குப் போயிடும். வில்லுக்கு 8 முதல் 10 வேணும். ஏற்காட்டுல மழைக்காலப் பனிமூட்டத்துல எத்தனை மாசம் வெச்சாலும் அந்த அளவுக்கு இறங்காதுங்க. அந்த ஈரத்துல வளைச்சா கூன்தான் விழும். சேலம் டவுன்ல வெச்சுக் காயவெச்சு, அங்கேயே வளைச்சு வளைச்சுச் சுரண்டி வளைவு பாருங்க. ஏப்ரல், மே வெயில்ல மட்டும் மொட்டைமாடித் தகரத்துக்கு அடியில வெச்சிடாதீங்க. ரொம்பக் காஞ்சாலும் முதுகு சட்டுனு ஒடியும்.

மலையடிவாரம்

மிக்க நன்றி. துளை இல்லை, நாரும் நேராக இருக்கிறது. காயவைத்து முடித்ததும் வளைவு பார்க்கும்போது எந்த வரிசையில் போக வேண்டும்? கணுவை ஒட்டி அதிகம் வளைந்துவிட்டால் மீட்க முடியுமா?

பதில் 3: வாச்சியும் உளியும்

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் அழுத்தி இரண்டு பாதியும் வளைகிறதா என்று பாருங்கள். அடுத்து குதை (நாண் மாட்டும் வெட்டு) போட்டு, வில் நீளத்துக்கே ஒரு தளர்ந்த கயிறு மாட்டி, சுவரில் அடித்த மரமுளையில் பிடியை வைத்து, கொக்கித் தராசு வழியாகக் கயிற்றை இழுங்கள். தராசு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வில் எத்தனை அங்குலம் வந்திருந்தாலும் சரி, அதற்கு மேல் ஒரு முறைகூட இழுக்காதீர்கள். கனமாக இருக்கும்போதே பலமாக இழுத்துப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் வில்லில் கூன் விழுகிறது.

இழைப்புளி இந்தக் கட்டத்தில் வேண்டாம். மர அரம், பிறகு ஹேக்ஸா பிளேடு அல்லது கண்ணாடித் துண்டு, கடைசியில் உப்புத்தாள். விறைப்பு கனத்தின் முப்படியில் மாறுகிறது. 4 நூல் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தாலே அந்த இடத்தின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் அப்படியில்லை, பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பத்தில் ஒரு பங்குதான் குறையும். சின்னத் திருத்தத்துக்கு ஓரத்தைத் தொடுவது பாதுகாப்பு.

ஒவ்வொரு முறை சுரண்டியதும் 20, 30 தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். எடுத்த மரத்தின் விளைவு அதற்குப் பிறகுதான் வளைவில் முழுதாகத் தெரியும். தளர்ந்த கயிற்றில் முனைகள் 6 அங்குலம் சீராக வந்ததும் பிடிக்கும் நாணுக்கும் இடையே 3 அங்குலம் இருக்குமாறு நாணேற்றுங்கள். வளைவு சரியானால் 6 அங்குலம். கீழ்ப்பாதி மேல்பாதியைவிடக் கொஞ்சம் விறைப்பாக, கால் அங்குல வித்தியாசத்தில் நிற்கட்டும்.

கணு அருகே கீல் மாதிரி மடிந்தால் அங்கே பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, அந்த இடத்தை மறந்துவிடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் சுரண்டி அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இழுவிசை 35 பவுண்டுக்கு இறங்கலாம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வயிற்றில் மயிரிழை போலக் குறுக்குச் சுருக்கம் தெரிந்துவிட்டால் நார் நசுங்கிவிட்டது என்று பொருள், அது திரும்பாது.

வயிற்றைச் சூட்டுக் காற்றுக் குழலில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வாட்டினால் நசுக்கலை நன்றாகத் தாங்கும். ஹேக்பெர்ரிக்கு இது நல்ல பலன் தருகிறது, சடச்சிக்கும் செய்யலாம். வாட்டியபின் ஒரு வாரம் வளைக்கவே கூடாது. இழந்த ஈரம் திரும்புவதற்குள் இழுத்தால் ஒடியும்.

பதில் 4: நாண்முறுக்கு

நாணுக்கு டாக்ரான் பி-50 (பாலியெஸ்டர் நாண் நூல்), 14 இழை. 62 அங்குல வில்லுக்கு நாண் 58 அங்குலம். நைலான் கயிறு இழுபட்டுக்கொண்டே போகும், வளைவைத் தப்பாகக் காட்டும். நீளாத நவீன இழைகள் குதையை அறுத்துவிடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்துப் பட்டென்று விடாதீர்கள், அந்த விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும்.

பூச்சுக்கு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று கை. அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் வேலை முடிந்த உடனே நாணைக் கழற்றிப் படுக்கவைத்து வையுங்கள்.

அடுத்த கட்டைக்குக் காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம், 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சொந்த நிலத்தில் மூன்று, நாலு வயதான கல்மூங்கில் இருந்தால் அதையும் முயலலாம். வெளித்தோல்தான் முதுகு, அதைச் சீவாதீர்கள். வெட்டியதும் மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் எளிதில் உளுக்காது.