ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்: அவ்வளவு உயரமான கப்பல் சாயாமல் நிற்பது எப்படி?

ராயபுரம் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதை மெரினாவில் நின்று பார்த்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று மெல்ல நகர்ந்து போவதைப் போலிருந்தது. அதைப் பற்றித் தேடிக்கொண்டே போய் ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ என்ற சொகுசுப் பயணக் கப்பலில் வந்து நின்றேன். நீளம் 361 மீட்டர், அளவு 2,25,282 டன் என்று போட்டிருக்கிறார்கள். நீருக்கு மேலே 72 மீட்டர் உயரம் நிற்கும் அந்தக் கப்பல், நீருக்குள் அமிழ்ந்திருப்பது 9 மீட்டருக்குச் சற்றே அதிகம் என்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. படங்களில் கப்பலின் நடுவே நீளமாக ஒரு பிளவும் தெரிகிறது, அது எதற்காக? இப்படியொரு கப்பல் சென்னைக்கு வர வாய்ப்புண்டா? அதன் வரலாற்றையும் தெரிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், திருவொற்றியூர்:

ஐயா, நீங்கள் பார்த்த எம்ப்ரஸும் ஒயாசிஸும் ஒரே குடும்பம்தான். 1990-இல் பிரான்ஸின் செயின்ட் நசேர் கட்டுதளத்தில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் உருவாகி, நெடுங்காலம் ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்த கப்பல் அது. 2020 இறுதியில் கைமாறியது. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் அதன் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அதன் அளவு 48,563 டன். அதே ராயல் கரீபியன் நிறுவனம் 1999-இல் வாயேஜர் கப்பலை 1,37,000 டன் அளவிலும், 2006-இல் ஃப்ரீடம் கப்பலை 1,54,000 டன் அளவிலும் இறக்கிவிட்டு, அதே 2006-இல் பின்லாந்தின் துர்க்கு கட்டுதளத்திடம் ஒயாசிஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே 2008-இன் நிதி நெருக்கடி வந்துவிட்டதால், உலகமே பணத்தைப் பொத்தி வைத்திருந்த 2009 டிசம்பரில்தான் 5,400 பேருக்கான அறைகளோடு அது முதல் பயணம் கிளம்ப வேண்டியிருந்தது. அந்தத் துணிச்சல் வீண்போகவில்லை. அல்லூர் முதல் 2024-இல் வந்த யுடோப்பியா வரை அதே வகையில் மேலும் ஐந்து கப்பல்கள் கட்டப்பட்டுள்ளன. ஆனால் உலகிலேயே பெரிது என்ற பட்டம் இப்போது இவ்வகைக்கு இல்லை. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன்.

இந்த ‘டன்’ எடையைக் குறிப்பதல்ல. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் எண் அது. ஒயாசிஸின் உண்மையான எடை அந்த எண்ணில் பாதிகூட இல்லை. எஞ்சின், எரிபொருள், நன்னீர் ஆகிய கனமானவை எல்லாம் அடிப்பகுதியில் இருக்கின்றன. மேல்தளங்களில் பெரும்பகுதி மெல்லிய தகடும் காற்றும்தான். நீர்மட்டத்தில் அகலம் 47 மீட்டர். கப்பல் ஒரு பக்கம் சாய முயன்றால், அந்தப் பக்கம் கூடுதலாக அமிழும் பகுதியை நீர் மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்திவிடும். அகலம் கூடக்கூட அந்தத் தள்ளலும் வலுக்கும்.

எனக்கு வியப்பளிப்பது அதன் உந்துமுறை. நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கப்பல்களில், எஞ்சினிலிருந்து புரொப்பல்லர் வரை செல்லும் தண்டின் பேரிங்குகளைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தபடி, எண்ணெய் வாடையடிக்கும் குறுகிய சுரங்கத்தில் குனிந்து நடப்போம். ஒயாசிஸில் அந்தத் தண்டே கிடையாது. ஆறு டீசல் எஞ்சின்கள் மின்சாரம் மட்டும் தயாரிக்கின்றன. கப்பலின் பின்புறம் அடியில் தொங்கும் மூன்று கூண்டுகளுக்குள், ஒவ்வொன்றும் 20 மெகாவாட் திறனுள்ள மோட்டார்கள் புரொப்பல்லர்களைச் சுழற்றுகின்றன. கூண்டே எந்தத் திசைக்கும் திரும்பும் என்பதால் சுக்கானும் இல்லை. முன்பகுதியில் பக்கவாட்டில் தள்ளுவதற்கென நான்கு விசிறிகள் வேறு இருப்பதால், கேப்டன் சிறு நெம்புகோலை அசைத்தே கப்பலைக் கரையோடு ஒட்ட வைத்துவிட முடியும். நம் துறைமுகத்தில் டக் எனப்படும் இழுவைப் படகுகள் முட்டி முட்டிக் கப்பலைத் திருப்புவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம்.

அந்த 72 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கதை உண்டு. பின்லாந்தில் கட்டிய கப்பல் பால்டிக் கடலை விட்டு வெளியேற டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைத் தாண்ட வேண்டும். அதன் அடியில் இருக்கும் இடைவெளியோ 65 மீட்டர். புகைபோக்கிகளை உள்ளே இறக்கிக்கொள்ளும்படி முன்கூட்டியே வடிவமைத்திருந்தார்கள். அதோடு, ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் சற்றே கீழே அமிழும் என்பதால், பாலத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்காமல் ஓட்டி, ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கடந்தார்கள்.

கப்பல் வடிவமைப்பு மாணவி, அடையாறு:

பிளவைப் பற்றி நான் சொல்கிறேன். ஐயா சொன்ன அகலம் கப்பலை நிமிர்த்தி வைக்கும். ஆனால் அதே அகலம்தான், நடுவில் சிக்கும் அறைகளுக்குச் சன்னலே இல்லாமல் செய்துவிடும். சன்னலில்லாத அறைக்குக் கட்டணமும் குறைவு. ஆகவே மேல்தளங்களை இரண்டு நெடிய கட்டடங்களாகப் பிரித்து, இடையில் வானம் தெரியும்படி விட்டுவிட்டார்கள். முன்பக்கத் திறப்பில் 12,000 செடிகளுடன் சென்ட்ரல் பார்க். பின்பக்கத்தில் போர்டுவாக் என்ற கடைவீதி, குடை ராட்டினம், கடைசியில் நீச்சல் சாகச அரங்கம். உள்நோக்கியிருக்கும் அறைகளுக்கும் பால்கனி கிடைத்தது. நீளவாக்கில் பிளந்தால் கப்பல் உடலின் வலிமை குறையும், அதை ஈடுகட்டும் கணக்கு எளிதன்று; என் பார்வையில் இந்தக் கப்பலின் உண்மையான புதுமை நீச்சல் குளங்களில் இல்லை, இங்குதான் இருக்கிறது.

உயிர்காப்புப் படகுகளையும் கவனியுங்கள். ஒரு படகில் 150 பேர் வரைதான் என்பது வழக்கமான சர்வதேச விதி. ஒயாசிஸுக்காக 370 பேர் ஏறக்கூடிய படகைத் தனியாக வடிவமைத்து, ஒப்புதல் பெற்று, அத்தகைய 18 படகுகளைப் பொருத்தினார்கள்.

ராயபுரம் வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. டன் கணக்கு இப்போதுதான் தெளிந்தது. சென்னைக்கு வருமா என்பது மட்டும் பாக்கி.

அண்ணா நகர் பயணி:

ஆழம் ஒரு தடையே அல்ல. இதைவிட அதிகம் அமிழும் கன்டெய்னர் கப்பல்கள் சென்னைக்கு வழக்கமாக வந்து போகின்றன. ஐயாயிரம் பேர் ஒரே காலையில் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, மாமல்லபுரம் போய் மாலைக்குள் திரும்ப வேண்டுமென்றால் எத்தனை பேருந்துகள் வேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலை அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆண்டு முழுவதும் அறைகள் நிரம்பும் கரீபியன், மத்தியதரைக் கடல் தடங்களை விட்டுவிட்டு இந்த வகைக் கப்பலை இங்கே அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் இப்போதைக்குக் காரணம் இல்லை.

அங்கே போய் ஏறுவதாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். போர்டுவாக் பக்கத்து பால்கனியில் இரவுக் காட்சியின் இசையும் கைதட்டலும் அறை வரை வரும். சீக்கிரம் தூங்கும் பெரியவர்கள் உடன் வந்தால் பூங்கா பக்கத்து அறையைக் கேளுங்கள். கடலைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் உள்நோக்கிய அறையே எடுக்கக் கூடாது. எதிர்வரிசைக்காரர்களின் திரைச்சீலையைத்தான் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.