ஸ்க்ரூ முடுக்கும்போது பலகை நகர்ந்துவிடுகிறது, என்ன வழி?

கேள்வி:
18 மி.மீ. பிளைவுட்டில் புத்தக அலமாரி செய்கிறேன். பக்கப் பலகைக்கு வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு உள்தட்டைப் பிடிக்க வேண்டும். பென்சில் கோட்டில் சரியாக வைத்துக் கையால் அழுத்திக்கொண்டுதான் முடுக்குகிறேன், ஆனாலும் ஸ்க்ரூ தட்டுக்குள் இறங்கும் நேரத்தில் தட்டு ஒன்றிரண்டு மி.மீ. தள்ளிப் போகிறது. கழற்றி மறுபடி போட்டால் பழைய துளைக்கே இழுத்துக்கொண்டு போகிறது. ஃபெவிகால் தடவினால் இன்னும் வழுக்குகிறது. ஸ்க்ரூ 4×40 (4 மி.மீ. கனம், 40 மி.மீ. நீளம்).

பதில் 1:
கையால் பிடிப்பது இதற்குப் போதாது, கிளாம்ப் (பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போடுங்கள். பிடித்த நிலையிலேயே இரண்டு பலகையையும் சேர்த்து 2.5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். துளை தட்டின் கனத்துக்கு நட்டநடுவில், அதாவது ஓரத்திலிருந்து 9 மி.மீ. தள்ளி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிளைவுட்டின் அடுக்கு பிளந்துவிடும். அப்புறம் பக்கப் பலகையின் துளையை மட்டும் 4.5 மி.மீ. ஆக்கி, ஸ்க்ரூவின் தலை உட்காரக் கவுண்டர்சிங்க் (துளை வாயில் கூம்புக் குழி) போடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்க்ரூவின் மரை இரண்டு பலகையிலும் கடித்தால், நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவு முடுக்கினாலும் அப்படியே நிற்கும். முதல் பலகையில் மரை சும்மா சுற்ற வேண்டும், இரண்டாவதில் மட்டும் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தலை இழுத்து இறுக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நீளமான கிளாம்ப் இல்லையென்றால், தட்டுகளுக்கு இடையே வர வேண்டிய உயரத்துக்குத் துண்டுப் பலகைகளை ஒரே அளவில் வெட்டி, இரண்டு பக்கமும் தட்டுக்கு அடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டு கீழே இறங்க வழியே இருக்காது, எல்லாத் தட்டும் ஒரே மட்டத்தில் வந்துவிடும், அளந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். ஃபெவிகால் வழுக்குவதற்கு, தட்டின் விளிம்பில் இரண்டு சின்ன ஆணியைப் பாதி அடித்து, 2 மி.மீ. மட்டும் வெளியே நிற்கும்படி தலையை வெட்டிவிடுங்கள். அந்த முனை எதிர்ப் பலகையில் பதிந்துகொண்டால் அப்புறம் அசையாது. முன்பக்கம் ஒரு ஸ்க்ரூ போட்டதும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டே அடுத்ததைப் போடுங்கள்.

பதில் 3:
ஸ்க்ரூவோடு 8 மி.மீ. மர டவலும் (இரண்டு பலகைக்குள்ளும் இறங்கும் உருண்டை மரக்குச்சி, dowel) போட்டால் நகரவே நகராது என்பது என் கருத்து.

பதில் 2:
டவல் நல்லதுதான், ஆனால் ஜிக் (பிட்டை நேராக வழிநடத்தும் அச்சு) இல்லாமல் கை ட்ரில்லில் போட்டால் இரண்டு பக்கத் துளையும் நேர் சேராது, கோணல் அதிகமாகத்தான் ஆகும். முதல் அலமாரிக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கெட்டுப்போன பழைய துளைகளை என்ன செய்வது? புதிய துளை அதற்குப் பக்கத்திலேயே வருகிறது.

பதில் 1:
டவலுக்கு வேலை அங்கேதான். பழைய துளையை 6 மி.மீ. ஆக்கி, அதே கனத்து டவல் துண்டில் ஃபெவிகால் தடவி அடித்து இறக்குங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மேலே நீட்டியதைச் சீவிவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். தீக்குச்சி வைத்து அடைக்கச் சொல்வார்கள், அதில் பிட் மறுபடி பழைய வழிக்கே சறுக்கும். ட்ரில்லின் கிளட்சையும் (எவ்வளவு இறுகியதும் சுற்றுவதை நிறுத்த வேண்டும் என்று வைக்கும் வளையம்) குறைந்த எண்ணில் வைத்துவிட்டு, கடைசிச் சுற்றுகளைக் கை ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள்.