‘பேரன்பு’ திரையிடல்: மாற்றுத்திறனாளிகளும் மனநலச் சிகிச்சையில் இருப்போரும் வர ஏற்பாடுகள் எப்படி இருக்க வேண்டும்?

வாசகர்வட்டம்:
வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருமண மண்டபம் ஒன்றில் ‘பேரன்பு’ படத்தைத் திரையிட்டு, மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தாருடனும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுடனும் கலந்துரையாட எண்ணியுள்ளோம். படத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு எழுதிவிட்டோம். வருபவர்கள் சங்கடமின்றி அமர்ந்து பார்க்க என்னென்ன செய்ய வேண்டும்? இறுதியில் மருத்துவர் ஒருவரைப் பேசச் சொன்னால் போதுமா?

செவ்வந்தி:
நான் சக்கர நாற்காலியில் செல்பவள். முதலில் மண்டப வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். சாய்தளத்தின் நீளம் உயரத்தைப்போல் 12 மடங்கு இருக்க வேண்டும் என்பதால், 15 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படிக்கே 180 செ.மீ. நீளம் தேவைப்படும். நான்கு இளைஞர்கள் சேர்ந்து தூக்கிவிடுவார்கள் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அத்தனை பேர் பார்க்க நாற்காலியோடு தூக்கப்படும் கூச்சத்துக்கு அஞ்சியே பலர் விழாக்களுக்கு வருவதில்லை. கழிப்பறைக் கதவின் அகலம் 90 செ.மீ. இருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். எங்களை முதல் வரிசைக்கு முன்னால் தனியே நிறுத்தாமல், நடு வரிசைகளில் ஓரிரு நாற்காலிகளை எடுத்துவிட்டு, உடன் வந்தவருக்கு அருகிலேயே இடம் கொடுங்கள்.

காவிரிக்கரை:
என் தம்பி பல ஆண்டுகளாக மனநலச் சிகிச்சையில் இருக்கிறான். ‘பேரன்பு’, மூளை முடக்குவாதம் உள்ள மகளைத் தனியாக வளர்க்கும் தந்தையின் கதை. இறுதிப் பகுதியில் அவர் மகளுடன் உயிரை மாய்த்துக்கொள்ளக் கடலில் இறங்குகிறார். எனக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோர்தாம் உங்கள் அரங்கில் அமர்ந்திருப்பார்கள் என்பதால், அக்காட்சி இருப்பதை அழைப்பிதழிலேயே தெரிவித்து, படம் தொடங்கும் முன் மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். வெளியேறும் வழியில் மங்கலான விளக்கு எரியட்டும். எழுந்து போனவரிடம் காரணம் கேட்காமல் துணையாக இருக்கத் தெரிந்த ஒருவர் வெளியே இருக்கட்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். பார்வையாளர்களை யாரும் புகைப்படம் எடுக்கக் கூடாது. ஒரு வாட்ஸ்அப் படத்தால் நின்றுபோன வரன் பேச்சை எங்கள் உறவிலேயே கண்டிருக்கிறோம்.

மாலதி_ஆசிரியை:
செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். படத்துக்குத் தமிழ் எழுத்துரை வேண்டும். கலந்துரையாடலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் முகமும் கைகளும் தெரியும்படி வெளிச்சம் விழாவிட்டால் அவர் நின்றும் பயனில்லை. மருத்துவர் வரட்டும், ஆனால் அவர் முதலில் பேச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேடையில் நிபுணர் பேசி முடித்ததும் மற்றவர்கள் தம் வாழ்க்கையையே சந்தேகமாகக் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருப்பதால், இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை அழைத்து, நிகழ்ச்சியை அவர்களே நடத்தும்படி இன்றே கேளுங்கள். மகளாக நடித்தவர் மாற்றுத்திறனாளி அல்லர் என்பதைப் பற்றி அவர்கள் கடுமையாகப் பேசினாலும் தடுக்காதீர்கள்.

வாசகர்வட்டம்:
மூவருக்கும் நன்றி. எங்கள் மண்டப வாசலில் மூன்று படிகள் உள்ளன. சாய்தளம் போட முன்புறத்தில் இடம் போதாது. தரைமட்டத்திலேயே வாசல் உள்ள பள்ளிக்கூட அரங்கை நாளை சென்று பார்க்கிறோம். செவ்வந்தி அவர்களே, நிகழ்ச்சியை நடத்துபவர்களுள் ஒருவராக நீங்கள் வர இசைவீர்களா?