நாம்பனுக்கு ஆண் ஓமோன் ஊசி போடலாமா?

கேள்வி – பட்டிக்காரர், கொக்கட்டிச்சோலை

எங்கள் பட்டியில் இருபத்திரண்டு பசுக்கள் நிற்கின்றன. கச்சான் காற்று ஓய்ந்த பிறகு நாம்பன் ஏறிய பசுக்களிற் பல, மூன்று கிழமையில் மறுபடி வேட்கைக்கு வந்துவிட்டன. ஏறுவதில் நாம்பனுக்கு ஒரு குறையும் இல்லை. தெஸ்தெஸ்தரோன் ஊசி இரண்டு போட்டால் சரியாகும் என்று அயல் பட்டிக்காரர் சொல்கிறார். மருந்தும் அவரிடம் இருக்கிறதாம். போடலாமா?

மறுமொழி – கால்நடை வைத்தியர், மட்டக்களப்பு

வேண்டாம் ஐயா. மூளையடியிலுள்ள கபச் சுரப்பி விடுகின்ற லூட்டினாக்க ஓமோன், விதையிலுள்ள லெய்டிக் கலங்களின் மேற்பரப்பில் ஓமோனை ஏற்கும் வாங்கிகளிற் பொருந்தினால்தான் அவை தெஸ்தெஸ்தரோனைச் சுரக்கும். அக்கலங்கள், விந்து உண்டாகும் சுக்கிலச் சிறுகுழாய்களை ஒட்டியே கிடப்பதால், விதைக்குள் அந்த ஓமோனின் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும். விந்து உண்டாவதற்கு அந்த உயரம் வேண்டும். ஊசி ஏற்றினால் இரத்தத்தில் அளவு கூடும். அதை உணர்ந்து, கபச் சுரப்பியை ஏவும் மூளைப் பகுதியான பரிவகக்கீழும் கபச் சுரப்பியும் அடங்கிவிட, லெய்டிக் கலங்களும் ஓய்ந்துவிடும். இரத்தத்தில் மிகுதி, விதைக்குள் பஞ்சம். நாம்பன் முன்னைவிட உற்சாகமாக ஏறும், விந்துதான் இருக்காது.

நான் சந்தேகிப்பது வெயிலை. விதை உடலைவிடச் சில பாகை குளிர்ந்திருக்க வேண்டும். மாட்டில் ஒரு விந்து உருவாக ஏறத்தாழ 61 நாட்களும், அது முதிரும் குழாயான விதைமேற்றிணிவைக் கடக்க மேலும் ஒன்றரைக் கிழமையளவும் செல்வதால், ஆவணியிற் கெட்டது ஐப்பசியில்தான் தெரியவரும். விந்தைச் சுமக்கும் திரவமான சுக்கிலத்தை நுணுக்குக்காட்டியிற் பாருங்கள். இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் தொற்றுநோயான புரூசெல்லோசிஸுக்கு இரத்தமும் சோதியுங்கள்.

மறுமொழி – உயிரியல் ஆசிரியர், கல்முனை

வைத்தியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உயர்தர மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் இது. விந்தாக மாறும் கலங்களில் தெஸ்தெஸ்தரோனுக்குப் பயன்படும் வாங்கி இல்லை. அவற்றை அணைத்து வளர்க்கும் செட்டோலிக் கலங்களில் இருக்கிறது. 2004இல் வெளிவந்த ஆய்வுகளில், செட்டோலிக் கலங்களில் மட்டும் அந்த வாங்கி நீக்கப்பட்ட சுண்டெலிகளில், விந்தை உண்டாக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவு இடையில் நின்று, விந்து உருவாகவில்லை. அதே கலங்களிலுள்ள, கபச் சுரப்பியின் மற்றோர் ஓமோனான புடைப்பைத் தூண்டும் ஓமோனின் வாங்கி இல்லாத ஆண் சுண்டெலிகளோ, விதை சிறுத்திருந்தும் குட்டிகளுக்குத் தந்தையாகின.

மறுமொழி – வாசகர், அக்கரைப்பற்று

அப்படியானால் உடற்பயிற்சி நிலையங்களில் இதே ஊசியைப் போடுகிற தம்பிமாருக்கு?

மறுமொழி – கால்நடை வைத்தியர்

மனிதரிலும் இதே பொறிமுறைதான். வாரம் 200 மில்லிகிராம் தெஸ்தெஸ்தரோன் ஏனந்தேற் என்ற ஊசி மருந்தை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலானவர்களின் சுக்கிலத்தில் விந்தே இல்லாமற் போயிருந்தது.

மறுமொழி – பட்டிக்காரர்

ஊசி போடவில்லை. இன்று காலை நாம்பனைக் கட்டி வைத்துத் தடவிப் பார்த்தேன். இடப்பக்க விதை மற்றதைவிடச் சிறுத்து, பழுத்த கொய்யாவைப் போல் மெதுமெதுவென்று இருக்கிறது.

மறுமொழி – கால்நடை வைத்தியர்

மெதுமெதுப்பு நல்ல அறிகுறியல்ல. நிழலிற் கட்டி, சுக்கிலச் சோதனைக்கு நாள் எடுங்கள். இரண்டரை மாதம் கழித்து மறுபடி சோதிக்கும் வரை, பசுக்களுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தலைக் கேளுங்கள்.