குண்டு கிராமத்துப் பெரியவர்களைத் தேடுகிறேன்

வணக்கம். கடலூரில் மாதம் ஒரு ஞாயிறு காலை, ஊர் வரலாற்றைப் பேசிக்கொண்டே நடக்கிறோம். அடுத்த நடை தேவனாம்பட்டினத்துக்கு.

1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமும் சேர்த்து என்பது பேரம். நாலாபுறமும் சுட்டு, குண்டு எட்டிய ஊர்களை எல்லைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவைதான் குண்டு கிராமங்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இக்கோட்டைதான். இன்று கெடிலக் கரையில் மிஞ்சியிருப்பது இடிந்த செங்கல் சுவர்கள்தாம். போன வாரம் தொட்டுப் பார்த்தேன்; காரை விரலோடு உதிர்ந்து வந்தது. கிளைவைப் பாடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர் ஆளுநராக இருந்த கோட்டை தங்கள் ஊரில்தான் என்பது தெரியவில்லை. மனம் பொறுக்கவில்லை.

அந்தக் கிராமங்களில் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்ட கதை வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? மேடைப் பேச்சு வேண்டாம், திண்ணைப் பேச்சு போதும். நாங்களே வந்து அழைத்துப்போகிறோம். பழைய பத்திரமோ புகைப்படமோ இருந்தால் நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மாலைக் கூட்டத்துக்கு, மஞ்சக்குப்பம் பக்கம் 40 பேர் உட்காரும் இடம் ஒன்றும் வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.